வடக்கு எந்தப் பக்கம் என்று முதலில் போடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சொத்து இணைப்பில், அழகும் வசதியும் பசுமையும் கொண்ட நவீன அடுக்குமாடி வீடுகளைப் பற்றி அண்மையில் இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் பளிச்சென்று இருந்தன. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, சாம்பல் நிறச் சுவர், மூலையில் ஒரு மூங்கில் தொட்டி, யாரும் உட்காராத சோபா. அந்த வீடுகள் எந்த ஊரில் இருக்கின்றன என்று கட்டுரையில் இல்லை. அந்தக் கண்ணாடி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதும் இல்லை. சரி, கட்டுரைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதே பக்கத்தில் வந்த பில்டர்களின் விளம்பரங்களில் வீட்டு பிளானும் இருந்தது. ஹால் எத்தனை அடி, பெட்ரூம் எத்தனை அடி, கட்டில் எங்கே போடலாம் என்பது வரை வரைந்திருக்கிறார்கள். வடக்குக் குறி மட்டும் ஒன்றில்கூட இல்லை.

இதை நான் கவனிக்கக் காரணம் தொழில். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, தியாகராய நகரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் படம் வரையச் சேர்ந்தவள் நான். டிரேசிங் ஷீட்டில் மை பேனாவால் வரைந்து, தப்பான கோட்டை பிளேடால் சுரண்டி, அமோனியா வாடை கண்ணைக் கரிக்க புளூபிரிண்ட் எடுத்த காலம். பிறகு ஆட்டோகேட் வந்தது. அதிலும் வரைந்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஆர்க்கிடெக்ட் பெரியவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷீட்டைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் மேல் மூலையைப் பார்ப்பார். அம்புக்குறி இல்லையென்றால் மீதியைப் பார்க்காமலே திருப்பித் தந்துவிடுவார். இன்றைய விளம்பர பிளான்களை அவரிடம் காட்டியிருந்தால் அத்தனையும் என் மேஜைக்குத் திரும்பியிருக்கும்.

வடக்கு தெரிந்தால்தான் மேற்கு தெரியும். சென்னையில் வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி மேற்கில் என்ன இருக்கிறது என்பதுதான். நம் ஊர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட நாட்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று வட இந்தியாவை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இங்கே அப்படியே செல்லாது. ஆனாலும் வடக்கும் தெற்கும் சமாளிக்கக்கூடிய திசைகள். அங்கே வெயில் உயரத்திலிருந்து விழும். ஜன்னலுக்கு மேலே ரெண்டடி சன்ஷேடு போட்டால் நண்பகல் வெயில் அறைக்குள் வராது.

மேற்கு அப்படி இல்லை. மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 45 டிகிரி உயரத்தில் இருக்கும். ரெண்டடி சன்ஷேடு அப்போது நான்கடி ஜன்னலில் மேல் ரெண்டடிக்கு நிழல் தரும். நாலரை மணிக்கு அந்த நிழல் ஓரடியாகச் சுருங்கிவிடும். ஐந்தரைக்கு வெயில் கிட்டத்தட்ட நேராக உள்ளே வந்து எதிர்ச்சுவரில் ஏறி நிற்கும். பேப்பரும் பென்சிலும் பாகைமானியும் வைத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு இது. அதனால்தான் பழைய ஆட்கள் மேற்கில் படுக்கையறை வைக்கத் தயங்கினார்கள். மாடிப்படி, லிஃப்ட், குளியலறை, பாத்திரம் தேய்க்கும் இடம் என்று மனிதர்கள் அதிக நேரம் இருக்காதவற்றை அந்தப் பக்கம் தள்ளினார்கள். படுக்கையறை வந்தே ஆக வேண்டும் என்றால் ஜன்னலைச் சுவரிலிருந்து உள்வாங்கி வைப்பார்கள், அல்லது முன்னால் ஆழமான பால்கனி ஒன்றை விடுவார்கள், அல்லது பக்கவாட்டில் செங்குத்தாக நிழல் பலகைகள் நிறுத்துவார்கள்.

நான் இருப்பது மடிப்பாக்கத்தில், கார் நிறுத்தத்துக்கு மேலே நான்கு மாடி உள்ள குடியிருப்பில், இரண்டாவது மாடி. எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு படுக்கையறையும் மேற்கே. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு கிடையாது. அதற்குப் பதிலாக, முன்பக்க அழகுக்கென்று ஜன்னலைச் சுற்றிப் பட்டையாக ஒரு சிமென்ட் சட்டம் இழுத்து ஆரஞ்சு நிறம் அடித்திருக்கிறார்கள். அதன் ஆழம் நான்கு அங்குலம். படத்தில் மிக நன்றாக இருந்தது. இப்போதும் தெருவிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே, கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் கையை வைத்தால் எடுக்கத் தோன்றும். பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர் அப்போதுதான் அறைக்குள் விடத் தொடங்கும். ஏசியைப் போட்டால் அது முதலில் சுவரைக் குளிர்விக்கிறது, அப்புறம்தான் நம்மை.

சொந்தச் செலவில் ஜன்னலுக்கு மேல் ஒரு தகரச் சாய்ப்பு போட்டுக்கொள்கிறேன் என்று எங்கள் சங்கத்தில் கேட்டேன். எலிவேஷன், அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம், கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. ஆனால் எலிவேஷன் இப்போது எப்படி இருக்கிறது என்றால், ஒரு வீட்டில் கண்ணாடிக்குள் தெர்மாகோல், ஒரு வீட்டில் காரில் போடும் வெள்ளி ஷீட், ஒரு வீட்டில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கம். என் நேர் மேல்வீட்டில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் தங்கள் சொத்து இணைப்பும் ஒரு தாள் இருக்கிறது. வெயிலுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது என்று சொன்னார்கள்.

தோற்றம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தோற்றத்தை வரைந்துதான் நான் சோறு சாப்பிட்டேன். சூடான ஊரில் கட்டடத்துக்கு அழகு நிழலிலிருந்து வரும் என்பதே என் கட்சி. மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் கடற்காற்று வருவதும் காட்சி இருப்பதும் மேற்குப் பக்கம். கொளுத்தும் வெயிலும் பருவமழையும் வருவதும் அதே பக்கம். அவர் பழைய பங்களாவின் தாழ்வாரத்தை எடுத்து மாடியில் வைத்தார். இரண்டு மாடி உயரத்துக்கு மூலைகளைக் குடைந்து ஆழமான தோட்ட பால்கனிகள் விட்டார். அறைகள் அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டன. அந்தக் கட்டடத்தை ஊருக்கே அடையாளமாக்கியது அந்தக் குடைவுகளும் அவற்றில் விழும் நிழலும்தான். அது பணக்காரர்களுக்குக் கட்டிய வீடு, ஒப்புக்கொள்கிறேன். நம் ஹவுசிங் போர்டின் பழைய குடியிருப்புகள் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டியவைதானே? கே.கே. நகரிலோ அசோக் நகரிலோ மிஞ்சியிருக்கும் பழைய பிளாக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் சன்ஷேடு இருக்கும். மாடிப்படியில் துளை போட்ட சிமென்ட் ஜாலி வைத்து வெளிச்சத்தையும் காற்றையும் விட்டிருப்பார்கள். ஒரு படிக்கட்டுக்கு மாடிக்கு இரண்டே வீடு என்று கட்டிய பிளாக்குகளில் முன்பக்கம் வந்த காற்று பின்பக்கம் போகும். பூச்சு உதிர்ந்திருக்கிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறது, எல்லாம் உண்மை. பிளான் தப்பில்லை.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு இயற்கை கொடுத்த ஒரே இலவச ஏசி கடற்காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். வீட்டுக்குள் அது நுழைய ஒரு வழியும் வெளியேற எதிரே ஒரு வழியும் வேண்டும். இப்போது மாடிக்கு எட்டு வீடு, நடுவில் ஒரு நடைவழி, இரு பக்கமும் எதிரெதிர் வாசல் என்று போடுகிறார்கள். ஒரே லிஃப்ட் எட்டு வீட்டுக்கு உதவும், செலவு குறைகிறது, அந்தக் கணக்கு எனக்கும் புரியும். ஆனால் நடுவில் மாட்டிய வீட்டுக்கு ஒரே ஒரு பக்கம்தான் வெளிச்சுவர். காற்று ஜன்னல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இதில் வாஸ்து வேறு. அக்னி மூலையில் சமையலறை என்று எல்லா வீட்டுக்கும் தென்கிழக்கைச் சமையலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காற்று வரும் மூலையில் அடுப்பை வைத்தால் தாளிப்பு வாசனை ஹாலைத் தாண்டி படுக்கையறை வரை போகாமல் என்ன செய்யும்? வாஸ்து பார்க்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. சமையலறையில் வெளியே இழுக்கும் விசிறிக்கு ஓட்டையாவது முதலிலேயே விட்டுக் கட்டுங்கள் என்பேன்.

அடுத்தது ஜன்னலின் கணக்கு. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் முத்திரை தருகிறதே மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, அது 2018இல் குடியிருப்புகளுக்கென்று 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு அதில் வரம்பு இருக்கிறது. கூரைக்கும் தனி வரம்பு இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு ஒரு வரி. சென்னை போன்ற, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுகளின் பரப்பு, கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வெளிச்சுவர் நீங்கலாக வீட்டுக்குள் இருக்கும் தரைப்பரப்பில், குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது ஆறில் ஒரு பங்கு. கவனியுங்கள், கண்ணாடியின் பரப்பு அல்ல, திறக்கும் பரப்பு.

எங்கள் வீட்டை அளந்து பார்த்தேன். கார்ப்பெட் ஏரியா 600 சதுர அடி. ஆறில் ஒன்று என்றால் 100 சதுர அடி திறக்க வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னல் மூன்று, அது 48. பால்கனிக் கதவு ஆறுக்கு ஏழு, அது 42. சமையலறை ஜன்னல் மூன்றுக்கு மூன்று, 9. ஆக மொத்தம் 99. பார்த்தால் பாஸ் மார்க் மாதிரி இருக்கிறது. ஆனால் எல்லாமே ஸ்லைடிங். ஒரு கதவைத் தள்ளினால் அது இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். எப்போதும் பாதிதான் திறக்கும். ஆகவே உண்மையில் காற்றுக்குக் கிடைப்பது 50 சதுர அடிக்கும் கீழே. அதே சுவரில், அதே ஓட்டையில், பழையபடி வெளியே திறக்கும் கதவு வைத்த ஜன்னல் போட்டிருந்தால் தொண்ணூறு சதவீதம் திறந்திருக்கும், 89 கிடைத்திருக்கும். ஒரு செங்கல்கூட அதிகம் வேண்டாம்.

ஸ்லைடிங்குக்கு ஆதரவாகச் சொல்வார்கள்: புயலில் கதவு அடித்துக்கொள்ளாது, கொசுவலையை மூன்றாவது டிராக்கில் ஓட்டிவிடலாம், கண்ணாடி துடைப்பது சுலபம். கொசுவலை விஷயம் நியாயமானது. மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு அதை நான் மறுக்க முடியாது. புயல் விஷயத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது என் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளவில்லை, உண்மைதான். ஆனால் கீழ் டிராக் வாய்க்காலாகி ரெண்டு படுக்கையறையிலும் தண்ணீர் நின்றது. மழை ஓய்ந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிராக்கில் விழும் தண்ணீர் வெளியே வடிவதற்கு வெளிப்பக்கம் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். எங்கள் ஜன்னல்களில் அத்தனை துளையையும் பூச்சு வேலை செய்தவர்கள் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அழகான ஆரஞ்சுச் சட்டத்தைப் பூசும்போது நடந்திருக்க வேண்டும். குடைக் கம்பியைக் காய்ச்சி, உளி போல வைத்துத் தட்டித் தட்டி எடுத்தேன். வாசகர்கள் யாராவது புது வீட்டின் சாவி வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு சொம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் பழைய வீடுகளில் தேக்கு ஜன்னல் நான்கு கதவாக இருக்கும், நினைவிருக்கிறதா? கீழ் இரண்டையும் சாத்தி மேல் இரண்டையும் திறந்துவிட்டால் தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது, காற்று மட்டும் வரும். இப்போது தேக்குக்கு எங்கே போவது? அதே பிரிவை அலுமினியத்திலோ யுபிவிசியிலோ செய்யலாம். இதை ஒரு பில்டர் செய்து, அதை ஸ்டைல் என்று விளம்பரம் போட்டால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

சுவரையும் கேளுங்கள். இப்போது பெரிய திட்டங்களில் அலுமினிய அச்சை நிறுத்தி, சுவரும் தளமுமாகச் சேர்த்து காங்கிரீட்டிலேயே வார்த்துவிடுகிறார்கள். வேலை வேகம், மூலை மட்டம் கச்சிதம், பூச்சே தேவையில்லை. ஆனால் காங்கிரீட் செங்கல்லைவிட வெப்பத்தை எளிதாகக் கடத்தும்; காற்றுக்குமிழ் உள்ள ஏஏசி பிளாக் செங்கல்லைவிட மிகக் குறைவாகக் கடத்தும். மேற்குச் சுவர் எதனால் ஆனது என்பது உங்கள் மின் கட்டணத்தில் தெரியும். இன்னொன்று: வார்த்த சுவர்தான் கட்டடத்தின் எடையைத் தாங்குகிறது. பின்னால் ஒரு ஜன்னலைப் பெரிதாக்கலாம், பிள்ளை பெரியவனானதும் ஒரு தடுப்பை எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முப்பது வருடத்தில் குடும்பம் மாறும். வீடும் மாறக் கொஞ்சம் இடம் இருக்க வேண்டாமா?

மொட்டை மாடியைப் பற்றிச் சுருக்கமாக. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுர்க்கி போட்டு, மேலே தட்டோடு பதித்த காலத்தில் கடைசி மாடிக்காரர் ஓரளவு தூங்கினார். இப்போது வெள்ளை கூலிங் டைல்ஸ் போடுகிறார்கள். அதுவும் நல்லதே, அழுக்கேறாமல் கழுவிக்கொண்டிருந்தால். சோலார் பலகைகளை ஆள் உயரத்துக்குக் கால் நிறுத்தி வைத்தால் கீழே நிழலும் கிடைக்கும், வடாம் காயப்போட ஓரத்தில் வெயிலும் கிடைக்கும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறார்கள். லிஃப்டும் மோட்டாரும் அதில் ஓடும்.

பசுமை என்றால் விளம்பரத்தில் புல்தரையும் சுவரில் தொங்கும் செடிகளும் வருகின்றன. எனக்குப் பசுமை என்றால் குழாய் ஞாபகம் வரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டபோது எங்கள் குடியிருப்பும் லாரித் தண்ணீர் வாங்கிற்று. பில் வந்ததும் சண்டை ஆரம்பித்தது. தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர், எதிர்வீட்டில் ஆறு பேர், கட்டணம் ஒன்றே. வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்துவிடலாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள், அபூர்வமாக. பிளம்பர் வந்து மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாதும்மா, நாலு வேணும் என்றார்.

காரணம் இதுதான். மேல்தொட்டியிலிருந்து ஒவ்வொரு குளியலறை அடுக்குக்கும் ஒரு குழாய், சமையலறை அடுக்குக்கு ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று என்று நேராகக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அந்தக் குழாய் வழியில் உள்ள எல்லா மாடிக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போகும். ஆக என் வீட்டுக்குள் தண்ணீர் நான்கு இடத்தில் நுழைகிறது. நான்கு மீட்டர், நான்கு வால்வு. வீட்டை மொத்தமாக அடைக்க ஒரு வால்வுகூடக் கிடையாது. கட்டும்போதே வாசல் பக்கம் குழாய்கள் இறங்க ஒரு டக்ட் விட்டு, வீட்டுக்கு ஒரே நுழைவுக் குழாய் கொடுத்து, அதிலிருந்து உள்ளே பிரித்துவிட்டிருந்தால் ஒரு மீட்டர் போதும். கொஞ்சம் குழாய் கூடும், அவ்வளவுதான். கட்டிய பிறகு மாற்ற வேண்டுமானால் டைல்ஸ் எல்லாம் உடைய வேண்டும். எங்கள் ஒருமனது அன்றைக்கே கலைந்தது. தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நமக்கெல்லாம் பெருமை. அதே பிடிவாதம் வீட்டுக்கு ஒரு நுழைவுக் குழாய் என்பதிலும் வர வேண்டும்.

மேல்வீட்டுக் குளியலறை ஒழுக்கு என்ற மகாபாரதத்தை வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. தளத்தை ஒரு அடி பள்ளமாகப் போட்டு, குழாயை அதில் படுக்க வைத்து, இடிபாட்டுக் கல்லைக் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு இணைப்பு கசிந்தால் அந்தப் பள்ளம் முழுவதும் தண்ணீர் தேங்கி, கீழ்வீட்டின் கூரையில் தேசப்படம் வரையும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க மேல்வீட்டை உடைக்க வேண்டும். சுவரில் தொங்கும் கழிப்பறைக் கோப்பையைப் பணக்கார ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கழிவுக் குழாய் தரைக்குள் போகாமல் நேரே பின்சுவர் வழியாக, குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளியான ஷாஃப்டுக்குப் போகிறது. கீழே துடைக்கவும் சுலபம், மூட்டுவலிக்காரருக்கு உயரத்தையும் கூட்டி வைத்துக்கொள்ளலாம். ஷாஃப்டில் ஆள் நுழையும் அகலமும் மாடிக்கு ஒரு கதவும் இருந்தால் பழுது பார்க்கிறவர் கயிற்றில் தொங்க வேண்டியதில்லை. நவீனம், வசதி, நீடிப்பு மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்து வருவது அபூர்வம், இதில் வருகிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி கொடுத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன முப்பது நாளில் பில்டர் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். குழாயோ ஆறாவது வருடத்திலிருந்துதான் பேச ஆரம்பிக்கும்.

துணி உலர்த்த இடம் இல்லாததைப் பற்றி எழுதினால் சிறு விஷயம் என்பார்கள். துணி துவைக்க மூன்றடி அகல யுடிலிட்டி, அது பார்ப்பது வெயிலே இறங்காத ஷாஃப்டை. பால்கனியில் கொடி கட்டக்கூடாது என்று சங்கத்தின் அறிவிப்பு. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஹாலில் ஸ்டாண்டு விரித்து, வருகிறவர்கள் ஈரப் புடவையை விலக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அந்தக் கட்டுரையின் படங்களில் ஒன்றிலாவது துவைத்த துணி இருந்ததா?

லிஃப்ட் இன்னொன்று. எங்கள் லிஃப்டில் ஆறு பேர் நிற்கலாம். ஒருவர் படுக்க முடியாது. பக்கவாதம் வந்த மனிதரை ஆம்புலன்ஸ்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டித்தான் இறக்கினார்கள். இறந்தவர்களைப் படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம், திருப்பத்தில் சாய்த்து. வீடு வாங்கும் நாளில் யாரும் இதை நினைக்க மாட்டார்கள், நினைக்கவும் கூடாது. வரைகிறவர் நினைத்திருக்க வேண்டும். ஸ்டிரெச்சர் நீளத்துக்கு லிஃப்ட் இருந்தால் அலமாரியும் அதில் ஏறும்.

ஆசிரியர் அவர்களே, பில்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வாங்குகிறவர் எதைக் கேட்கிறாரோ அதை அவர்கள் கட்டுகிறார்கள். நாம் கிளப் ஹவுஸ் கேட்டோம், கொடுத்தார்கள். இத்தாலியன் மார்பிள் மாதிரி டைல்ஸ் கேட்டோம், கொடுத்தார்கள். கேட்பதற்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் தங்கள் இணைப்பு இருக்கிறது. அதனால் தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வீட்டு பிளான் போடும் எந்த விளம்பரத்திலும் வடக்குக் குறி இருந்தே தீர வேண்டும் என்று தங்கள் விளம்பரப் பிரிவில் ஒரு விதி வையுங்கள். கூடவே பொடி எழுத்தில் மூன்று வரி கேளுங்கள்: வெளிச்சுவர் எதனால் ஆனது, ஜன்னல்களில் எத்தனை சதுர அடி திறக்கும், வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை குழாயில் வருகிறது. வங்கிக் கடன் வட்டி போடும் இடத்தில் அந்த மூன்று வரியும் அடங்கிவிடும். வருமானம் போய்விடும் என்று விளம்பரப் பிரிவு பயந்தால், முதலில் தாங்களே எழுதும் கட்டுரைகளிலாவது தொடங்கலாம். படத்துக்குக் கீழே 'மேற்குப் பார்த்த ஹால்' என்று மூன்று சொல் போட்டால்கூட வாசகருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிளானை எப்படிப் படிப்பது என்று வாரம் ஒரு பத்தி வெளியிடுவதானால் அதற்குப் படம் வரைந்து தர நான் தயார். சம்பளம் வேண்டாம். ஆனால் என் படத்தைப் பக்க வடிவமைப்பாளர் இடத்துக்கு ஏற்ப வெட்டக் கூடாது. குறிப்பாக மேல் மூலையை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிவில் படவரைவாளர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை 600 091.